நிறமில்லாத நூல்

முடிச்சக்காவிடம் போர்வை தைக்கக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு விசாரணைக்குத் தயாராக இருக்க வேண்டும். என்ன நிறம், என்ன அளவு என்பதெல்லாம் அப்புறம். "யார் போத்திக்கப் போறாங்க? வயசு என்ன? எப்படித் துவைப்பீங்க, சுடுதண்ணியா பச்சைத் தண்ணியா? இஸ்திரி போடுவீங்களா?" என்று கேள்வி மேல் கேள்வி வரும். போர்வைக்கு வந்தோமா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தோமா என்று சிலர் முகத்தைச் சுளிப்பதுண்டு. கைக்குழந்தைக்கு என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. எழுந்துபோய் நூல்கண்டை எடுத்துவந்து வந்தவர் கையில் கொடுத்து, "இழுத்து அறுத்துக் காட்டுங்க" என்பாள். நூல் பட்டென்று அறுந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் இப்படி இல்லை. அப்போதெல்லாம் அறுகிற நூலை அவள் வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்.

அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள், நடுவில் ஒரு நீள மேஜை. ஒரு மெஷினில் இவள், இன்னொன்றில் இவளுடைய நாத்தனார். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள் அந்த நாத்தனார். துண்டுத்துணிகளை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்து மேல்துணி ஆக்குவது அவள் வேலை. அந்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து வளைவு வளைவாகத் தைத்துப் போர்வையாக்குவது முடிச்சக்காவின் வேலை. தைத்து முடித்த பிறகு ஒவ்வொரு நூல்நுனியையும் தேடிப்பிடித்து முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்து மறைத்துவிடுவாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது.

நூல் விஷயத்தில் அவளைக் கஞ்சம் என்று சொன்னால் கோபம் வரும். சாமர்த்தியம் என்று சொல்ல வேண்டும். ஒட்டுத்தையலுக்கு மெல்லிய பருத்தி நூல்தான் என்பதில் மட்டும் அவள் கறார். நூல் தடிமனாக இருந்தால் ஒவ்வொரு தையலும் துணியில் மயிரிழை அளவு தின்றுவிடும். இருபது துண்டு சேர்ந்தால் போர்வை அரை விரல் குட்டையாகி, மூலைகள் ஒன்றோடொன்று முகம் கொடுக்காமல் நிற்கும். கடையில் நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பிசிறு தெரிந்தால் அங்கேயே வைத்துவிடுவாள். ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பாள். கடைசியாக இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு ஒரு வெட்டு வெட்டி இழுப்பாள். பெயர் போன கம்பெனி, அட்டைப்பெட்டி, தங்க எழுத்து எதற்கும் மயங்கமாட்டாள். பேர் தெரியாத நூலில் நல்லதைக் கண்டுபிடித்துப் பாதி விலைக்கு வாங்குவதில் அவளுக்கு ஒரு தனி ருசி. இதெல்லாம் ஒட்டுத்தையலுக்கு. மூன்றையும் சேர்த்து ஓட்டுகிற மேல்தையலுக்கு நூலை அவள் எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்பதுதான் கதை.

ஊருக்கு வெளியே ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. அங்கே வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம். அங்கிருந்து பன்னிரண்டு சின்னப் போர்வை கேட்டார்கள். பன்னிரண்டையும் ஒரே மாதிரி, ஒவ்வொன்றிலும் ஒன்பது நிறத் துண்டுகள் வரும்படி தைக்க முடிவானது. ஒன்பது நிறத்துக்கும் பொருத்தமாக மேல்தையல் ஓட்ட வேண்டுமானால் ஒன்பது கண்டு நூல். போதாததற்கு நிறம் மாறுகிற இடத்திலெல்லாம் மெஷினை நிறுத்தி நூலை மாற்ற வேண்டும்.

நூல்கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கண்டை எடுத்து வைத்தார். அதில் நூல் இருப்பதே தெரியவில்லை.

"இது என்னங்க, காலிக் கண்டைக் காட்டுறீங்க?"

"தொட்டுப் பாருங்கக்கா. நிறமே இல்லாத நைலான். சிவப்புத் துணியில ஓட்டுனா சிவப்பு, பச்சையில ஓட்டுனா பச்சை. ஒரே கண்டு போதும், ஒம்பதும் எதுக்கு?"

தூண்டில் நரம்பை இன்னும் மெல்லிசாக்கி, தலைமுடியைவிட மெல்லிசாக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கையில் சுற்றி வழக்கம்போல் வெட்டி இழுத்தாள். அறவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். ஆள்காட்டி விரலில் கோடு விழுந்து ரத்தம் துளிர்த்தது. நூல் அப்படியே இருந்தது. வலித்திருக்க வேண்டும், ஆனால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் வளைவுத் தையலில் அவள் கை லேசாகத் தடம் மாற ஆரம்பித்திருந்தது. நிறமில்லாத நூலில் கோணல் தெரியாது.

அவசர வேலை என்று முடிச்சுப் போடக் கைகொடுத்த நாத்தனார்தான் முதல் போர்வையிலேயே முனகினாள். "அண்ணி, இதுல முடிச்சே நிக்க மாட்டேங்குது. போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள அவுந்துடுது."

"மூணு முடிச்சாப் போடு."

"மூணும் அவுருது."

"அப்ப நாலு போடு. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு சொட்டை சொல்லணும்."

வழக்கமாக எந்த நூலை மாற்றினாலும் உள்ளங்கை அளவு மாதிரி ஒன்று தைத்து, வீட்டுத் துணியோடு பத்துத் தரமாவது துவைத்துப் பார்த்த பிறகுதான் வேலையில் இறங்குவாள். இந்தத் தடவை காப்பகத்திலிருந்து அவசரப்படுத்தினார்கள். மாதிரியைத் தைத்தாள், துவைக்கவில்லை. அது மேஜையிலிருந்து எப்படியோ சமையலறைக்குப் போய், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணி ஆகிவிட்டது. போர்வைகள் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. காப்பகத்து டீச்சர் போன் பண்ணி, தையலே தெரியாமல் தைத்திருக்கிறீர்களே என்று புகழ்ந்தார். முடிச்சக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் காலையில் சமையலறையிலிருந்து நாத்தனார் கத்தினாள்.

"அண்ணி, இங்க வாங்க! விரலு மாட்டிக்கிச்சு!"

கைப்பிடித் துணியை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன மாட்டியது என்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மோதிர விரல் நுனி சிவந்து, பளபளவென்று வீங்கிக்கொண்டிருந்தது. துணியை இழுத்தால் விரல் இன்னும் இறுகியது. முடிச்சக்கா விரலை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அடுப்புச் சூட்டில் நைலான் மொரமொரவென்று ஆகி அங்கங்கே உடைந்திருந்தது. உடைந்த நுனிகள் முள் மாதிரி நிமிர்ந்து நின்றன. உடையாத நீளமெல்லாம் துணியை விட்டு எழும்பி வளையம் வளையமாக நின்றது. அதில் ஒரு வளையம் விரலில் ஏறி, இழுக்க இழுக்கச் சுருக்குப் போட்டுக்கொண்டது. கத்தரி வைத்து வெட்டுவதற்குள் நாத்தனார் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லவேளை அண்ணி, பெரியவ நானு, வாய்விட்டுச் சொல்லிட்டேன்" என்றாள் விரலை ஊதிக்கொண்டே.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன மாத்திரத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காப்பகத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சுடுதண்ணீரில் துவைத்து, மெஷினிலேயே சூடாக உலர்த்துவார்கள். அதைத் தைக்கும்போதே டீச்சர் சொல்லியிருந்தார்.

முடிச்சக்கா உடனே போன் போட்டாள். "எல்லாரும் நல்லா இருக்காங்கக்கா, சாயங்காலமா வாங்களேன்" என்றார் டீச்சர். சாயங்காலமாவது ஒன்றாவது. கட்டியிருந்த வீட்டுப் புடவையோடு, தையல் சாமான் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நிற்கத்தானே செய்யும், அதற்குப் பெயர் நிறுத்தம். ஆனால் அன்றைக்கு டிரைவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

காப்பகத்தில் வரிசையாகத் தொட்டில்கள். வணக்கம் கூடச் சொல்லாமல் ஒவ்வொரு தொட்டிலாகப் போய்ப் போர்வையை உருவினாள். குழந்தைகளின் கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் விரித்து விரித்துப் பார்த்தாள். இரண்டு குழந்தைகள் வீறிட்டன. டீச்சர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்னக்கா இது, தூங்குற பிள்ளைங்கள..."

"நூல்ல ஒரு கோளாறு. அறுந்து அறுந்து நிக்குது. பாருங்க." நாலு போர்வைகளில் கையை வைத்துத் தடவிக் காட்டினாள். கண்ணுக்குத் தெரியாத முட்கள் உள்ளங்கையில் குத்தின. குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உருவியதையெல்லாம் ஒரு துணி மூட்டையில் போட்டுக்கொண்டே எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"பதினொண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"அது பாக்கிங்ல வேலை செய்யற பொண்ணோடது. பாப்பா அந்தப் போர்வை இல்லாம தூங்க மாட்டேங்குதுன்னு நேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா. இன்னிக்கு லீவு. ராத்திரி பூரா பாப்பா அழுதுட்டே இருந்துச்சாம். வயித்து வலியா இருக்கும்னு நினைக்கிறேன்."

"அந்தப் பொண்ணு வீடு எங்க?" என்று கேட்டாள் முடிச்சக்கா, மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டே.

விலாசம் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று டீச்சர் இழுத்தார். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார். முடிச்சக்கா நாத்தனாரின் விரல் எப்படி வீங்கியது என்று ஒரே மூச்சில் சொன்னாள். டீச்சர் முகம் வெளுத்தது. ஒரு காகிதத்தில் விலாசத்தை எழுதிக் கையில் திணித்தார்.

"அக்கா, ஒரு விஷயம். ஒண்ணும் ஆகியிருக்காது. அப்படியே ஆகியிருந்தாலும் போர்வையாலன்னு சொல்லிடாதீங்க. காப்பகத்துப் பேரு போயிடும், உங்க பொழப்பும் போயிடும். நானும் இங்க யார்கிட்டயும் மூச்சு விடல. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடலாம்."

அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மூட்டையை மூலையில் வைத்துவிட்டு ஓடினாள்.

தொழிலாளர் குடியிருப்பு, நாலாவது மாடி. இரண்டாவது மாடியிலேயே அழுகுரல் கேட்டது. பசி அழுகை ஒரு மாதிரி இருக்கும், தூக்க அழுகை ஒரு மாதிரி இருக்கும். இது இரண்டும் இல்லை. குரல் கம்மிப்போய், மூச்சு வாங்கி, மறுபடி உச்சத்துக்கு ஏறியது. முடிச்சக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

கதவு திறந்தேதான் இருந்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பெண், தலை வாராமல், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

"காப்பகத்துலேர்ந்து வரேம்மா. பாப்பாவோட கால் விரலப் பாக்கணும்."

"கால்ல ஒண்ணுமில்லீங்க, வயித்து வலி. மருந்து குடுத்துட்டேன், கேக்க மாட்டேங்குது."

"சாக்ஸக் கழட்டு."

"குளிரும்னு விடியக்காலையில இருட்டுலதான் போட்டேன்..."

"கழட்டும்மா!"

இடது கால் சரியாக இருந்தது. வலது காலில் சாக்ஸ் வர மறுத்தது, குழந்தை துடித்தது. கழற்றியதும் அந்தப் பெண் அலறினாள். நடுவிரல் மட்டும் இரண்டு பங்கு வீங்கி, நாவல்பழ நிறத்தில் நின்றது.

"ஐயோ, பூச்சி கடிச்சிருச்சே! டாக்டர்கிட்ட போகணும்..."

"போகலாம். அதுக்கு முன்னாடி இதை அறுக்கணும். ஜன்னல்கிட்ட வா. மடியில வச்சு முழங்கால அழுத்திப் பிடி. எவ்வளவு கத்தினாலும் விடாத."

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. அதற்காகத்தானே அந்த நூலை வாங்கினாள். விரலின் அடியில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்து மெதுவாக ஓட்டினாள். ஓர் இடத்தில் நகம் தட்டியது.

பையிலிருந்து தையல் பிரிக்கிற முள்ளை எடுத்தாள். அதில் இரண்டு முனை உண்டு. ஒன்று கூர், இன்னொன்றில் துணி கிழியாமல் இருக்கக் கடுகளவு மணி இருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் வெட்டும் பகுதி. மணி இருந்த முனையைத் தோலோடு தோலாக வைத்து நூலுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நுழைத்தாள். குழந்தை மூச்சடைத்து நீலமாகிக் கத்தியது. மணி உள்ளே போனது. முள்ளை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், காதுக்கு எட்டியும் எட்டாமலும்.

"வந்துடுச்சா?" என்றாள் அந்தப் பெண், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

விரல் நிறம் மாறவில்லை.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு. விடாத."

இரண்டாவது சுற்று இன்னும் ஆழத்தில், வீக்கத்துக்குள் புதைந்து கிடந்தது. எங்கே தேடினாலும் நகம் வழுக்கியது. வீங்கிய சதையை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்தாள். ஒரு கணம் வெயில் பட்டு ஏதோ மின்னியது. அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. மணியை அழுத்தி நுழைத்தாள், தள்ளினாள், மறுபடி அந்தச் சத்தம். பள்ளம் வெள்ளைக் கோடாகி, அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. குழந்தையின் அழுகை விக்கலாகி, விக்கல் விசும்பலாகி, கடைசியில் குழந்தை வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனது.

மருத்துவமனையில் டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தோல் அறுபட்ட இடத்தில் மருந்து வைத்துக் கட்டினார். "நூல் மிச்சம் ஒண்ணும் இல்ல. விரல் தப்பிச்சுடுச்சு. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா எடுக்கத்தான் வேண்டியிருக்கும். இது நைலான் மாதிரி இருக்கே, எங்கேர்ந்து வந்துச்சு?"

"தெரியலையே டாக்டர்" என்றாள் அந்தப் பெண்.

முடிச்சக்கா பன்னிரண்டாவது போர்வையைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வாய் திறக்கவில்லை. டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த மௌனத்தை நான் நியாயப்படுத்த வரவில்லை. அவளும் நியாயப்படுத்துவதில்லை.

வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் முடிச்சக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க யாருன்னே தெரியாதுக்கா. கடவுள் மாதிரி வந்தீங்க. நான் வயித்து வலி, வயித்து வலின்னு மருந்தையே ஊத்திட்டு இருந்தேன்" என்று சொல்லி அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, கால் விரல்தான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. 'ஏதோ தோணுச்சும்மா' என்று சொன்னால் போதும். நாலு வார்த்தை கூட இல்லை. முடிச்சக்கா கையை உருவிக்கொண்டாள்.

"அது என் நூலும்மா. அந்தப் போர்வை நான் தைச்சது. ஒம்பது கண்டு வாங்க வேண்டிய இடத்துல ஒரு கண்டுல முடிச்சேன். சுடுதண்ணில போட்டுப் பாக்காமக் குடுத்துட்டேன். அது உடைஞ்சுதான் பாப்பா விரல்ல சுத்திக்கிச்சு."

அந்தப் பெண் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். அடிக்கட்டும், நாலு பேர் முன்னால் காறித் துப்பட்டும் என்று முடிச்சக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மத்த பதினொண்ணு எங்க?"

"காப்பகத்துலதான். எல்லாத்தையும் உருவி மூட்டையில போட்டு வச்சிருக்கேன்."

"வச்சிருக்கீங்களா? அங்கயேவா? பிள்ளைங்களத் தூங்க வைக்கிற ஆயாவுக்குத் தெரியுமா?"

முடிச்சக்காவுக்குச் சுருக்கென்றது. யாரிடமும் மூச்சு விடவில்லை என்றுதானே டீச்சர் சொன்னார்.

"எந்திரிங்க. போய் முதல்ல அதை எடுங்க. பன்னெண்டு மணிக்குப் பிள்ளைங்களத் தூங்கப் போடுவாங்க, கையில கெடைச்சதைப் போத்துவாங்க. உங்களத் திட்டறதுக்கு எனக்கு நேரம் இருக்கு. ஓடுங்க!"

ஓடினாள். பஸ்ஸுக்கு நிற்கவில்லை, வழியில் கிடைத்த வண்டியை மறித்து ஏறினாள். காப்பகத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம். மூலையிலிருந்த மூட்டை அவிழ்ந்து கிடந்தது. ஆயா, பாவம், துவைத்துவந்த துணி என்று நினைத்து மூன்று குழந்தைகளுக்குப் போர்த்திவிட்டு, நாலாவதை உதறிக்கொண்டிருந்தாள். முடிச்சக்கா அதைக் கையிலிருந்து பிடுங்கினாள். தூங்கிய மூன்று பேரையும் எழுப்பி, அழ அழ அத்தனை விரலையும் பார்த்தாள். பிறகு ஆயாவிடமும், டீச்சரிடமும், மதியம் பிள்ளைகளைப் பார்க்க வந்த ஒவ்வொரு அம்மாவிடமும், டீச்சர் சாடை காட்டியதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது. தெருவில் பார்த்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. அதன் அம்மா நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிறாள். திட்ட நேரம் இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னாளே தவிர, இதுவரை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்பாள் முடிச்சக்கா.